நான்கு மைக்ரான்

பனி தள்ளும் வண்டியின் எஞ்சின்
மரப்பெட்டிக்குள் படுத்தபடி வந்து சேர்ந்தது.
லிபெரெட்ஸ், பிப்ரவரி, காலை ஆறரை.
தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை.
கூடவே சாலைத்துறையின் கடிதம்:
குற்றம் பிஸ்டன் மீதா, ஓட்டுநர் மீதா?
வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும்.

ஓட்டுநர் போஹுஸ்லாவ் கிராட்டினா
நீல மையில், எழுத்துப் பிழைகளோடு
தானே ஒப்புக்கொண்டிருக்கிறார்:
எண்ணெய் விளக்கு இரண்டு குளிர்காலமாகப் பொய் சொன்னது.
நவம்பரில் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன்.
ஜனவரி ஒன்பதாம் தேதி இரவு
அது உண்மை சொல்லியிருக்கிறது போல.

கணவாய் வரை பதினொரு நிமிட ஏற்றம்.
பம்பு பாதி எண்ணெயும் பாதிக் காற்றுமாகக்
குடித்துக்கொண்டிருந்த நேரம்.
அலுமினியமும் இரும்பும்
நடுவில் ஆளின்றி முகத்தோடு முகம்
மோதியிருக்க வேண்டும்.
மோதவில்லை.

நடுவில் இருந்தது ஒரு கருஞ்சாம்பல் பூச்சு.
கிராஃபைட், மாலிப்டினம், பிடித்துவைக்கக் கொஞ்சம் பிசின்.
பனியனில் படம் அச்சடிப்பது போலத்தான்
பிஸ்டன் பாவாடையில் அச்சடிக்கிறோம்.
பாவாடை என்று பெயர் வைத்தது நானில்லை.
பிறகு அடுப்பில் சுட்டெடுப்போம்.
தடிமன் பதினைந்து மைக்ரான்.
வேலையில்லாத ஒரு மதியம்
என் தலைமுடியை அளந்து பார்த்தேன்: எழுபத்திரண்டு.
நரைத்தது அதைவிடத் தடிப்பு.

வெறும் மேல்பூச்சு என்று
மனிதர்களை வைவோமே,
இந்தப் பிஸ்டனிடம் வந்து சொல்லிப் பாருங்கள்.

பக்கத்து அறையில் வெற்றிடக் கலத்துக்குள்
ஊதா வெளிச்சம் எரிகிறது.
வைரத்துக்குச் சித்தப்பா மகன் முறையான கார்பன்
வால்வுத் தட்டுகளின் மேல் படிகிறது.
விருந்தாளிகளை அங்கேதான் அழைத்துப் போவார்கள்,
படம் எடுத்துக்கொள்வார்கள்.
என் கறுப்பைப் பார்க்க இதுவரை வந்தது
தீயணைப்புச் சோதனைக்காரர் ஒருவர்,
அதுவும் வழி தவறி.

நுண்ணோக்கி ஒன்று. நாங்கள் இருவர்.
ராடிமுக்கும் எனக்கும் உரசல்.
ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தொடங்கி
போன வருஷ போனஸ் வரை போய்விட்டது.
ஒன்பது நாளாக மஞ்சள் சீட்டில் பேசுகிறோம்.
'லென்ஸைத் துடைக்கவும்.'
'துடைத்தாயிற்று.'
'துடைத்தது போல் இல்லை.'

பாவாடையின் தள்ளு பக்கத்தைத் திருப்புகிறேன்.
அச்சின் புள்ளிகள் இன்னும் மேலே தெரிகின்றன.
கீழே, கட்டைவிரல் அகலத்தில்
மெழுகித் துடைத்தது போல ஓரிடம்.
சீட்டுக்கட்டில் மேல்சீட்டு வழுக்குவது போல
ஏடு ஏடாக வழுக்கிப் போயிருக்கிறது.
தேய்வதற்கென்றே பூசினோம், தேய்ந்திருக்கிறது.
அடியிலிருக்கும் அலுமினியம்
அன்றிரவு நடந்தது எதையும் அறியாது.

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
பாகம். ஓட்டுநர். பிற.
ஓட்டுநர் கட்டத்தின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
டேப் ஒட்டிய அவருடைய கட்டைவிரல்
இவ்வளவு அகலம்தான் இருக்குமோ என்று நினைத்தேன்.
கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில்
எறும்பு எழுத்தில் இருந்தது இன்னொரு சேதி:
விளக்கை மாற்றக் கோரி ஓட்டுநர் கொடுத்த மனுக்கள், ஐந்து.
பரிசீலனையில் உள்ளன.

பிற என்பதில் குறியிட்டேன்.
விளக்கம் கேட்ட கோட்டில்
விளக்கு என்று எழுதினேன்.

முதுகுக்குப் பின்னால் காப்பி வாசம்.
ராடிம் குனிந்து, கண்ணை ஒட்டவைத்து,
மூச்சைப் பிடித்துப் பார்த்தான்.
"நான்கு" என்றான்.
சீட்டில் அல்ல, வாயால்.
"நாலரை" என்றேன்.
"திராஹோமீரா, நான்கு."
"நாலரை."

திரும்ப அளந்தோம்.
நான்கு புள்ளி ஒன்று.
அவன் கண்ணாடியைத் துடைக்கத் திரும்பிய நேரத்தில்
எண்ணை எழுதி, தாளைத் திருப்பிவிட்டேன்.
யார் சொன்னது கிட்டத்தில் என்று
அவனும் கேட்கவில்லை.